மோனாலிசா எப்போது உலகப் புகழ் பெற்றது?

"மோனாலிசா, லியனார்டோ டா வின்சி வரைந்த உலகப் புகழ்பெற்ற ஓவியம்." பொதுஅறிவுப் போட்டிக்குப் பாடமாக்கின எல்லாருக்கும் இந்த வசனம் தெரியும். கலைக்களஞ்சியம், பாடப்புத்தகம், வினா விடைக் கொத்து எதைத் திறந்தாலும் கிட்டத்தட்ட இதே வசனம்தான். பிழை ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று தகவல் இருக்கிற மாதிரித் தெரிகிற இந்த வசனத்தில் உண்மையில் இரண்டுதான் இருக்கின்றன: ஓவியத்தின் பெயர், வரைந்தவரின் பெயர். 'உலகப் புகழ்பெற்ற' என்பதில் என்ன தகவல் இருக்கு? எந்த உலகத்தில்? எப்ப தொடங்கி? யாரிடத்தில்? எதனால்? இந்த நாலு கேள்வியில் ஒன்றுக்கும் அந்தச் சொல்லிடம் பதில் இல்லை.

யாழ்ப்பாணத்தில் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் 'அபிதான கோசம்' வெளிவந்தது 1902இல். அவ்வளவு காலமாகத் தமிழில் உசாத்துணை எழுத்து நடக்கிறது. இன்றைக்கு அந்த வேலையைச் செய்கிறவர்களில் கனபேர் எங்கட வயதுக்காரர். ஒரு கலைப்படைப்பைப் பற்றிக் குறிப்பு எழுத உட்காரும்போது, அதன் புகழை எப்படி எழுதுவது என்பதை ஒருக்கா யோசித்துப் பார்ப்பம் என்றுதான் இந்தக் கட்டுரை.

எங்கட வாதம் சுருக்கமானது. ஒரு ஓவியத்தின் அளவையும் நிறத்தையும் அந்த ஓவியத்தைப் பார்த்தே எழுதலாம். புகழை அப்படி எழுத முடியாது. அது ஓவியத்துக்கு வெளியே, காலத்துக்குக் காலம் நடந்த சம்பவங்களால் சேர்ந்தது. அதாவது புகழுக்கு ஒரு வரலாறு இருக்கு. வரலாறு உள்ள ஒன்றை வரலாறாகத்தான் எழுதவேணும். இதற்கு மோனாலிசாவை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

முதல் முந்நூறு வருசம்

லியனார்டோ இந்த உருவப்படத்தை வரையத் தொடங்கியது 1503 அளவில், இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்தில். படத்தில் இருப்பவர் லிசா ஜெரார்தினி, பிரான்செஸ்கோ டெல் ஜொகொண்டோ என்ற பட்டு வியாபாரியின் மனைவி. இதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல ஒரு சின்னக் குறிப்பு உதவுகிறது. அந்தக் காலத்துப் புளோரன்ஸ் அதிகாரியான அகொஸ்தினோ வெஸ்பூச்சி, தன்னிடமிருந்த புத்தகம் ஒன்றின் ஓரத்தில், லியனார்டோ லிசாவின் படத்தை வரைந்துகொண்டிருக்கிறார் என்று 1503 ஒக்ரோபரில் எழுதி வைத்திருக்கிறார். ஜேர்மனியின் ஹைடல்பேர்க் பல்கலைக்கழக நூலகத்தில் அந்தக் குறிப்பு கண்டெடுக்கப்பட்டது 2005இல்.

லியனார்டோ இந்தப் படத்தைத் தன்னோடேயே பிரான்சுக்குக் கொண்டுபோனார். அங்கேயே 1519இல் இறந்தார். ஓவியம் பிரெஞ்சு அரசரின் சேகரிப்பில் சேர்ந்தது. அதற்குப் பிறகு கிட்டத்தட்ட முந்நூறு வருசம் அது அரண்மனைக்குள்தான் இருந்தது. அரச குடும்பமும் பிரபுக்களும் அரண்மனைக்குப் போய்வரக்கூடிய கலைஞர்களும்தான் அதைப் பார்த்திருப்பார்கள். பரிஸ் தெருவில் பாண் விற்றவருக்கு அப்படி ஒரு படம் இருந்ததே தெரிந்திருக்காது.

இதற்காக அதை அந்தக் காலத்தில் யாரும் மதிக்கவில்லை என்று எழுதினால் அதுவும் பிழை. இளம் ரஃபாயல் அதைப் பார்த்து அதன் அமைப்பைத் தன் படங்களில் எடுத்தாண்டார். ஓவியர்களின் வாழ்க்கையை எழுதிய வசாரி, 1550இல் வெளிவந்த தன் நூலில் இதை வானளாவப் புகழ்ந்தார். இதில் ஒரு வேடிக்கை இருக்கு. வசாரி இந்த ஓவியத்தை நேரில் பார்த்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அவர் புருவங்களை மயிர் மயிராக வர்ணிக்கிறார். இன்றைக்கு நாங்கள் பார்க்கிற மோனாலிசாவின் முகத்தில் புருவமே தெரியாது. ஆக, அந்தக் காலத்துப் புகழின் ஒரு பங்கு கேள்விப்பட்ட புகழ்.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு, 1797இல் ஓவியம் லூவர் அருங்காட்சியகத்துக்கு வந்தது. இடையில் கொஞ்சக் காலம் நெப்போலியனின் படுக்கையறையில் தொங்கியது. பொதுமக்கள் பார்க்கக்கூடிய இடத்துக்கு வந்த உடனேயே புகழ் கொடிகட்டிப் பறந்ததா? இல்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மோனாலிசாவுக்குக் குறித்த மதிப்பு 90,000 பிராங்க். அதே காலத்தில் ரஃபாயலின் ஓவியங்களுக்கு 6 இலட்சம் பிராங்க் வரை மதிப்பு இருந்தது. அந்தக் காலத்துக் கலை அறிஞரிடம் போய், லூவரிலேயே ஆகச் சிறந்த படம் எது என்று கேட்டிருந்தால், அவர் பெரும்பாலும் ரஃபாயலைத்தான் சொல்லியிருப்பார்.

புன்னகை எப்ப மர்மமானது?

மோனாலிசா என்றவுடன் அடுத்து வருகிற சொல் 'மர்மப் புன்னகை'. இதுவும் காலம் குறிக்கக்கூடிய ஒரு சொல்தான்.

வசாரிக்கு அந்தப் புன்னகையில் மர்மம் தெரியவில்லை. படம் வரையும்போது லிசா சோர்ந்து போகாமல் இருக்க, பாட்டுக்காரரையும் விகடம் பண்ணுகிறவர்களையும் லியனார்டோ பக்கத்தில் வைத்திருந்தார் என்று அவர் எழுதுகிறார். அவர் கேள்விப்பட்டது மனம் மகிழ்ந்த ஒரு பெண்ணின் இனிய புன்னகையை. முந்நூறு வருசம் கழித்துப் பிரெஞ்சு எழுத்தாளர் தெயோஃபில் கோத்தியே அதே உதட்டில் ஒரு புதிரைக் கண்டார். 1869இல் ஆங்கில விமர்சகர் வோல்டர் பேட்டர் எழுதிய கட்டுரையில் லிசா, யுகங்களின் அனுபவத்தையெல்லாம் சுமந்த, மனிதக் கணக்குக்குள் அடங்காத ஒரு பெண்ணாக மாறிவிட்டார். அந்தப் பந்தி எவ்வளவு தூரம் ஆட்களைப் பிடித்தது என்றால், 1936இல் கவிஞர் யேட்ஸ் தான் தொகுத்த நவீன ஆங்கிலக் கவிதைத் தொகுப்பில் அந்த உரைநடையையே வரி வரியாக உடைத்து முதல் கவிதையாகப் போட்டார்.

ஓவியம் மாறவில்லை. பார்த்த கண் மாறியது. அந்த நூற்றாண்டு ஆண் எழுத்தாளர்களுக்கு மர்மமும் ஆபத்தும் நிறைந்த பெண் என்ற கற்பனை மேல் பெரிய மோகம் இருந்தது. அந்தக் கற்பனைக்கு லிசாவின் முகம் வாகாகப் பொருந்தியது. நாங்கள் இன்றைக்கு ஒரு குறிப்பில் 'மர்மப் புன்னகை கொண்ட' என்று சாதாரணமாக எழுதிவிட்டுப் போகும்போது, 19ஆம் நூற்றாண்டின் ஒரு கருத்தை ஓவியத்தின் குணம் போலப் பதிவு செய்கிறோம். '19ஆம் நூற்றாண்டு எழுத்தாளர்கள் இந்தப் புன்னகையை மர்மமானதாக வாசித்தார்கள்' என்று எழுதினால் அது தகவல்.

இந்தக் கட்டத்தில் மோனாலிசா, புத்தகம் வாசிக்கிற ஐரோப்பியரிடம் பேர் பெற்ற ஓவியம். அச்சுப் பிரதிகளும் புகைப்படங்களும் பரவிக்கொண்டிருந்தன. ஆனாலும் வீட்டுக்கு வீடு தெரிந்த முகமாக அது இன்னும் ஆகவில்லை.

வெறும் சுவரைப் பார்க்க வந்த கூட்டம்

1911 ஓகஸ்ட் 21, திங்கட்கிழமை. லூவர் பூட்டியிருக்கும் நாள். முன்பு அங்கே ஓவியங்களுக்குக் கண்ணாடி போடும் வேலை செய்த வின்சென்சோ பெருஜா என்ற இத்தாலியத் தொழிலாளி, மோனாலிசாவைச் சுவரிலிருந்து கழற்றி, சட்டத்தையும் கண்ணாடியையும் விட்டுவிட்டு, பலகையை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். (ஓம், பலகைதான். மோனாலிசா துணியில் வரைந்தது இல்லை. பொப்லர் மரப் பலகையில் வரைந்தது. 77க்கு 53 சென்ரிமீற்றர்.) படம் காணாமல் போனது அடுத்த நாள்தான் தெரிய வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். லூவர் ஒரு கிழமை பூட்டப்பட்டது. பரிஸ் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் லிசாவின் முகம் நாளுக்கு நாள் வந்தது. கவிஞர் அப்பொலினேர் சந்தேகத்தில் கைது செய்யப்பட்டார், பிக்காசோவும் விசாரிக்கப்பட்டார். அருங்காட்சியகம் திரும்பத் திறந்தபோது, படம் தொங்கிய வெறும் சுவரைப் பார்க்கச் சனம் வரிசையில் நின்றது. அந்த வெறுமையைப் பார்க்கப் போனவர்களில் பிரான்ஸ் காஃப்காவும் ஒருவர். அதுவரை லூவர் பக்கமே போகாத ஆட்களும் பார்க்காத படத்துக்காகக் கவலைப்பட்டார்கள்.

இரண்டு வருசத்துக்கு மேல் படம் பெருஜாவின் பரிஸ் அறையில்தான் இருந்தது. 1913 டிசம்பரில் புளோரன்சில் ஒரு கலைப்பொருள் வியாபாரியிடம் அதைக் கொடுக்கப் போய் அகப்பட்டார். இத்தாலியின் சொத்தை இத்தாலிக்கே கொண்டுவந்தேன் என்பது அவர் சொன்ன நியாயம். ஆனால் அதைப் பிரான்சுக்குக் கொண்டுபோனது லியனார்டோவே. படம் புளோரன்ஸ், ரோம், மிலான் நகரங்களில் காட்சிக்கு வைக்கப்பட்டு 1914 ஜனவரியில் லூவருக்குத் திரும்பியது. திரும்பி வந்தது முந்தின மோனாலிசா இல்லை. அது இப்போது பத்திரிகை பார்க்கிற எல்லாருக்கும் தெரிந்த முகம்.

ஒன்று புகழ் பெற்றதற்கு நல்ல அடையாளம், அதைப் பகிடி பண்ணத் தொடங்குவது. 1919இல் மார்செல் துஷாம் மோனாலிசா தபாலட்டை ஒன்றில் மீசையும் சின்னத் தாடியும் கீறிக் கலைப்படைப்பாக வைத்தார். பார்க்கிற எல்லாருக்கும் அந்த முகம் யாரெண்டு தெரிந்திருந்தால்தானே அந்தப் பகிடி வேலை செய்யும்?

1963இல் ஓவியம் அமெரிக்காவுக்குப் போனது. வொஷிங்டனில் 5 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களும் நியூயோர்க்கில் 10 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களும் பார்த்தார்கள். அந்தப் பயணத்துக்காகக் கணக்கிட்ட காப்புறுதி மதிப்பு 10 கோடி டொலர். 1974இல் டோக்கியோவுக்கும் மொஸ்கோவுக்கும் போய் வந்தது. பனிப்போர்க் காலத்தில் அரசாங்கங்கள் ஒன்றுக்கொன்று நல்லெண்ணம் காட்ட அனுப்பின தூதுவர் மாதிரி. 'உலகப் புகழ்' என்பதில் உள்ள 'உலகம்' என்ற பாதி உண்மையாகப் பொருந்துவது இந்தக் காலத்திலிருந்துதான்.

இன்று அந்த ஓவியம் தொங்கும் மண்டபத்தில், நேர் எதிர்ச் சுவரில் வெரோனேசெயின் 'கானாவூர்க் கல்யாணம்' இருக்கிறது. கிட்டத்தட்ட 7 மீற்றர் உயரம், 10 மீற்றர் அகலம். லூவரிலேயே ஆகப் பெரிய ஓவியம். வருகிற கூட்டத்தில் பெரும்பங்கு அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கும்.

அப்ப எல்லாம் அதிர்ஷ்டமா?

இவ்வளவும் வாசித்தால், களவு போனபடியால்தான் புகழ், மற்றபடி அதில் ஒன்றும் இல்லை என்று முடிவுக்கு வரத் தோன்றும். அப்படி எழுதுவதும் 'உலகப் புகழ்பெற்ற' என்று எழுதுவது போலத்தான், சோம்பல் எழுத்து.

அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக உளவியலாளர் ஜேம்ஸ் கட்டிங் ஒரு பரிசோதனை செய்தார். புத்தகங்களில் அதிகம் அச்சான இம்பிரெஷனிச ஓவியங்களைத்தான் ஆட்கள் கூடுதலாக விரும்பினார்கள். பிறகு ஒரு வகுப்பில், அவ்வளவாக அச்சாகாத ஓவியங்களை அடிக்கடி காட்டினார். மாணவர்களுக்கு இருந்த அந்தச் சாய்வு போய்விட்டது. கண்ணில் அடிக்கடி பட்டது பிடித்துப் போகிறது. 2003இல் இது வெளிவந்தது.

பத்து வருசத்துக்குப் பிறகு, 2013இல், பிரித்தானியாவில் வேறொரு குழு இதற்கு ஒரு திருத்தம் சொன்னது. அவர்கள் தோமஸ் கின்கேட் என்ற சந்தை ஓவியரின் படங்களையும், 19ஆம் நூற்றாண்டு ஓவியர் மில்லேயின் படங்களையும் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். கின்கேட்டின் படங்களைப் பார்க்கப் பார்க்க விருப்பம் குறைந்தது. மில்லேயின் படங்களுக்கு அப்படி நடக்கவில்லை. அடிக்கடி பார்ப்பது உதவும். ஆனால் பார்க்கப் பார்க்கத் தாங்கி நிற்க, படத்துக்குள்ளும் ஏதாவது இருக்கவேணும்.

ஆகவே எழுதுகிறவர் இரண்டையும் பிரித்து எழுதவேணும். நிழலும் ஒளியும் கோடு தெரியாமல் ஒன்றோடொன்று கரைகிற அந்த வேலைப்பாடு லியனார்டோவின் திறமை. அது ஓவியத்தின் கலை பற்றிய பகுதிக்குப் போகட்டும். 1911 களவு புகழின் வரலாற்றுக்குப் போகட்டும். ஒன்றை மற்றதற்குச் சாட்சியாக இழுக்கத் தேவையில்லை.

யாருடைய உலகம்?

இனி எங்களுக்குக் கிட்டவான ஒரு விசயத்துக்கு வருவம். சோழர் கால நடராசர் வெண்கலச் சிலைகளையும் பல நூல்கள் 'உலகப் புகழ்பெற்ற' என்றே அறிமுகம் செய்கின்றன. அந்தப் புகழுக்கும் திகதி இருக்கு. கொழும்பில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, சிவனின் நடனம் பற்றிய தன் ஆங்கிலக் கட்டுரையைச் சென்னையிலிருந்து வந்த 'சித்தாந்த தீபிகை'யில் 1912இல் வெளியிட்டார். 1918இல் அது அவருடைய நூலொன்றின் தலைப்புக் கட்டுரையாக நியூயோர்க்கில் வந்தது. சென்னை அருங்காட்சியகத்துச் சிலைகளின் புகைப்படங்களைப் பார்த்துப் பிரெஞ்சுச் சிற்பி ரோடன் எழுதிய குறிப்பு 1921இல் அச்சானது. 2004இல் ஜெனீவாவில் உள்ள சேர்ன் அணுத்துகள் ஆய்வுகூடத்தில் இந்திய அரசு கொடுத்த நடராசர் சிலை வைக்கப்பட்டது.

அப்படியானால் நடராசர் 1912க்கு முதல் புகழ் இல்லாமல் இருந்தாரா? சிதம்பரத்துக்கு ஆயிரம் வருசமாகப் போய்வந்த சனத்தை என்ன செய்வது? அவர்களுக்கு அது கலைப்பொருள் இல்லை, கடவுள். 'உலகப் புகழ்' என்று நாங்கள் சும்மா எழுதும் இடத்தில் அந்தச் சனம் முழுக்க உலகத்துக்கு வெளியே போய்விடுகிறது. மேற்கத்தைய அருங்காட்சியகமும் நூலும் கண்டுகொண்ட நாள்தான் தொடக்கம் என்று ஆகிவிடுகிறது. இதுதான் அந்தச் சொல்லால் வருகிற உண்மையான நட்டம். 'கோயில் வழிபாட்டில் நூற்றாண்டுகளாக அறியப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து மேற்கத்தையக் கலை உலகிலும் அறியப்பட்டது' என்று எழுதினால் இரண்டு பேரும் உள்ளே இருப்பார்கள்.

எதிர்ப் பக்கத்துக்கும் ஒரு உதாரணம் எங்கட நாட்டிலேயே இருக்கு. இலங்கையின் கிழக்குக் கரைப் பகுதியில் கிடைத்த தாரா தேவியின் சிலை, பொன் பூசிய வெண்கலம், சுமார் 143 சென்ரிமீற்றர் உயரம், 8ஆம் நூற்றாண்டளவைச் சேர்ந்தது. இலங்கையின் முன்னாள் ஆளுநர் ரொபேர்ட் பிரவுண்றிக் அதை 1830இல் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். மேலுடம்பு திறந்த பெண் உருவம் பொதுமக்கள் பார்க்க ஏற்றதில்லை என்று சுமார் முப்பது வருசம் அது காட்சிக்கு வைக்கப்படவே இல்லை. மோனாலிசா வாசகர்களிடம் பரவிய நூற்றாண்டில் தாரா களஞ்சிய அறையில் நின்றாள். ஒன்று புகழ் பெறாமல் போனதற்கும் வரலாறு இருக்கு. அதையும் எழுதலாம், எழுதவேணும்.

எழுத உட்காரும்போது

எங்களுக்குள் வைத்திருக்கிற சில வழக்கங்களைச் சொல்கிறோம். உங்களுக்குப் பொருந்தினால் எடுத்துக்கொள்ளுங்கோ.

'புகழ்பெற்ற' என்று கை எழுதப் போனால், அந்த இடத்தில் ஒரு சம்பவத்தை வைத்துப் பாருங்கோ. எப்ப, எங்கே, யார் செய்தது என்று சொல்லக்கூடிய சம்பவம். அது கிடைத்தால் பெரும்பாலும் அந்தச் சொல் தேவைப்படாது.

அடுத்தது, ஆருடைய கருத்து எண்டு சொல்லுங்கோ. 'மிகச் சிறந்த ஓவியமாகக் கருதப்படுகிறது' என்றால் கருதுகிறவர் யார்? பெயர் சொல்ல முடியாவிட்டால் அந்த வசனம் நிற்கத் தேவையில்லை.

மூன்றாவது, அளவுகளைக் கலக்காதீர்கள். விலை, பார்வையாளர் தொகை, மற்றக் கலைஞர்கள் அதை எடுத்தாண்டது, பக்தர் கூட்டம், இவை ஒவ்வொன்றும் வேறு வேறு புகழைக் காட்டுகின்றன. எதை அளக்கிறோம் என்று சொல்லிவிட்டு எண்ணைக் கொடுங்கோ.

இந்த வழக்கப்படி மோனாலிசாவுக்கு ஒரு குறிப்பு எழுதினால் இப்படி வரும்:

மோனாலிசா: லியனார்டோ டா வின்சி 1503 அளவில் புளோரன்சில் வரையத் தொடங்கிய உருவப்படம். பொப்லர் பலகையில் எண்ணெய் வர்ணம், 77க்கு 53 சென்ரிமீற்றர். பிரெஞ்சு அரச சேகரிப்பிலிருந்து 1797இல் லூவருக்கு வந்தது. 16ஆம் நூற்றாண்டிலிருந்தே ஓவியர்களிடம் மதிப்புப் பெற்றிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் கோத்தியே, பேட்டர் முதலிய எழுத்தாளர்கள் மூலம் வாசகர்களிடம் பரவியது. 1911இல் களவு போய் 1913இல் மீட்கப்பட்டது அதை வெகுசன முகமாக்கியது. 1963இல் அமெரிக்காவில் 15 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பார்த்தனர்.

'உலகப் புகழ்' என்ற சொல் இதில் ஒரு இடத்திலும் இல்லை. ஆனாலும் இதை வாசித்த ஒருவருக்கு அந்த ஓவியம் எவ்வளவு பேர் பெற்றது என்பது விளங்கும். ஏன் என்பதும் விளங்கும். இதே அளவுகோலை வைத்துத் தாராவுக்கும், உங்கட ஊர்க் கோயில் தேரின் மரச் சிற்பத்துக்கும் குறிப்பு எழுதலாம். அங்கே சொல்லப் பெரிய கூட்டமும் கோடி டொலரும் இருக்காது. செய்தவர் யார், எந்த வருசம், என்ன மரம், யார் கும்பிட்டார்கள், எப்ப திருத்தினார்கள் என்பது இருக்கும். அவற்றில் பலதைச் சொல்லக்கூடியவர்கள் இன்றைக்கும் ஊரில் இருக்கிறார்கள். போய்க் கேட்டு எழுதி வைப்பம்.